வேண்டிய வோல்ற்றைத் தரும் ஒரு பெட்டி

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்டார்கள். அதை நேரில் கண்டவர்கள் எம்மிடையே இன்னும் பலர் இருக்கிறார்கள். பற்றறி வாங்க முடியாத காலம் அது. அந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. மெதுவாகச் சுற்றினால் றேடியோ முனகும். செய்தி முக்கியமான இடத்துக்கு வந்ததும் சுற்றுகிறவரின் கை தன்னை அறியாமல் வேகமாகும், றேடியோ அலறும். சில வேளை அத்தோடு அதன் மூச்சும் நின்றுவிடும். 6 வோல்ற்றுக்கென்று செய்த டைனமோ, வேகமாகச் சுற்றும்போது அதைவிட எவ்வளவோ கூடக் கொடுக்கும். றேடியோவுக்கு வேண்டியது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

உள்ளே வருவது கூடினாலும் குறைந்தாலும் வெளியே போவது ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த அளவையும் நாமே கையால் திருப்பி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பெட்டியை வீட்டிலே செய்வதுதான் இந்தப் பாடம். திருத்த வேலை செய்கிறவர்களின் மேசையில் முதலாவதாக இருக்க வேண்டிய சாமான் இது. 3 வோல்ற் றேடியோ, 6 வோல்ற் ரோச், 9 வோல்ற் மணிக்கூடு, 12 வோல்ற் மருந்து தெளிக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் இந்த ஒரே பெட்டியில் மாட்டிச் சோதிக்கலாம். இடம் மாறி மாறி இருந்த குடும்பங்களில் எத்தனையோ சாமான்கள் ஈரம் பட்டும் அடிபட்டும் மூலையில் கிடக்கின்றன. அவற்றில் பல செத்தவை அல்ல. ஒரு கம்பி விட்டிருக்கும், அல்லது பற்றறிப் பெட்டியில் பச்சை பிடித்திருக்கும். சரியான வோல்ற்றைக் கொடுத்துப் பார்க்க வழியிருந்தால் அது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். ஊரில் ஒரு பிள்ளை இதைப் பழகிக்கொண்டால் அயலில் உள்ளவர்கள் நகரத்துக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்கும் கையில் நாலு காசு வரும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

பழைய புத்தகங்களில் இந்தப் பெட்டிக்கு ஒரு நிலைமாற்றி வாங்கி, 230 வோல்ற் வயரை நேரே பெட்டிக்குள் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். நாம் அதைச் சொல்லப் போவதில்லை. மண் தரை, ஈரச் சுவர், தற்காலிகக் கொட்டில், கால்மாட்டில் பிள்ளைகள் என்று இருக்கும் இடத்தில் பழகுகிறவரின் கை 230 வோல்ற்றுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அதற்குப் பதிலாகக் கணினி திருத்தும் கடைகளில் பழைய மடிக்கணினியின் அடப்ரர் கிடைக்கும். கணினி பழுதாகிப் போன பிறகும் அடப்ரர் நன்றாக இருக்கும். அதன் முதுகில் '19 வோல்ற், 3.42 அம்பியர்' என்பது போல அச்சடித்திருக்கும். 18 தொடக்கம் 20 வோல்ற் வரை எதுவும் ஆகும். ஆபத்தான பகுதி முழுவதும் அந்தக் கறுப்புக் கட்டிக்குள் மூடப்பட்டிருக்கிறது. அதை உடைத்துப் பார்க்க வேண்டாம். 230 வோல்ற் ஆடலோட்டம் உள்ளே 320க்கு மேற்பட்ட நேரோட்டமாக மாறி நிற்கிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். நமக்கு வேண்டியது வெளியே வரும் மெல்லிய வயர் மாத்திரமே.

மின்சாரம் இல்லாத வீட்டில் 12 வோல்ற் பற்றறி ஒன்றும் போதும். ஆனால் வெளியே எடுக்கக்கூடியது ஏறத்தாழ 9 வோல்ற் வரைதான், ஏனென்றால் நமது சில்லுக்குத் தன் பங்காக 2 முதல் 3 வோல்ற் வரை வேண்டும். பற்றறியிலிருந்து எடுப்பவர்கள் பற்றறியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே 2 அம்பியர் பியூஸ் ஒன்று போட வேண்டும். சாய்ந்து விழுந்த ஒரு குறடு போதும், வயர் பழுத்துக் கிடுகு பற்றிக்கொள்ள. சூரிய ஒளிப் பலகை வைத்திருப்பவர்கள் அதையும் பகலில் நேரே மாட்டலாம். '12 வோல்ற்' பலகை நல்ல வெயிலில் 18 வோல்ற் வரை தரும், முகில் மூடினால் விழுந்துவிடும்.

வேண்டிய சாமான்கள்

பெட்டியின் உயிர் எல்.எம். 317 என்ற மூன்று கால் சில்லு. அமெரிக்காவில் நஷனல் செமிகொண்டக்ரர் நிறுவனத்தில் இருந்த றொபேட் டொப்கின் என்ற பொறியியலாளர் 1970களில் வடிவமைத்தது. இத்தனை ஆண்டு கழித்தும் எந்த எலெக்ற்றோனிக் கடையிலும் கிடைக்கிறது, விலையும் மலிவு. அதோடு 100 ஓம் தடையி ஒன்று (மண்ணிறம், கறுப்பு, மண்ணிறம் என்ற கோடுகள்), 1 கிலோ ஓம் மாறுந்தடையி ஒன்று, 1 என் 4007 இருவாயி ஒன்று, 35 வோல்ற் தாங்கும் 100 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்று, 25 வோல்ற் தாங்கும் 10 மைக்குரோபரட் ஒன்று, 0.1 மைக்குரோபரட் பீங்கான் வகை ஒன்று. மாறுந்தடையி என்பது றேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அதே திருகிதான். கடையில் 'பீ 1 கே' என்று கேளுங்கள்; 'பீ' என்பது சீராகக் கூடும் வகை. நகத்தளவு குட்டியை வாங்காமல் பெரிய உடலுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2 அம்பியர் பியூஸ், சுவிச் இரண்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள், பழைய கணினியிலிருந்து கழற்றிய அலுமினியச் செதிள் கட்டி ஒன்று. கடைசியாக, லொறி உதிரிப்பாகக் கடையில் 24 வோல்ற் 21 வாற் மின்குமிழ் ஒன்று. இது எதற்கென்று பிறகு சொல்வோம், விட்டுவிடாதீர்கள்.

சில்லு எப்படி வேலை செய்கிறது?

எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கப் பிடியுங்கள். இடது கால் 'சரிப்படுத்தும்' கால், நடுக்கால் வெளியீடு, வலது கால் உள்ளீடு. முதுகிலுள்ள தகடும் நடுக்காலோடு சேர்ந்ததே. 7805 என்ற இன்னொரு சில்லு பார்வைக்கு இதே போல இருக்கும், ஆனால் அதன் கால்களின் ஒழுங்கு வேறு. எழுத்தை வாசிக்காமல் மாட்டிவிடாதீர்கள்.

இந்தச் சில்லு ஒரே ஒரு காரியத்தைத்தான் விடாப்பிடியாகச் செய்கிறது. நடுக்காலுக்கும் இடது காலுக்கும் இடையில் எப்போதும் 1.25 வோல்ற் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. அந்த இரண்டு கால்களுக்கும் இடையில் 100 ஓம் தடையியை வைத்தால், 1.25ஐ 100ஆல் பிரிக்க, 12.5 மில்லி அம்பியர் அதனூடாக ஓடும். இந்த ஓட்டத்துக்கு வேறு வழியில்லை, நமது திருகியினூடாகவே மறை முனைக்குப் போக வேண்டும். திருகியின் தடை கூடக் கூட அதிலே தங்கும் வோல்ற்றும் கூடும். வெளியே கிடைப்பது அந்த வோல்ற்றும் 1.25உம் சேர்ந்தது. வாய்க்காலில் பலகை போட்டு நீர்மட்டத்தை உயர்த்துவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குளத்தில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பலகைக்கு மேலாக வழிகிற மட்டம் அதிகம் மாறாது.

கணக்கு இலகுவானது. ஒவ்வொரு வோல்ற் கூட்டவும் 80 ஓம் வேண்டும். 3 வோல்ற்றுக்குத் திருகி 140 ஓமில் நிற்க வேண்டும், 6 வோல்ற்றுக்கு 380, 9க்கு 620, 12க்கு 860. முழுவதும் திருப்பி 1000 ஓம் வந்தால் ஏறத்தாழ 13.8 வோல்ற். மற்றப் புத்தகங்களில் 240 ஓம் போடச் சொல்வார்கள். வெளியே ஒன்றும் மாட்டாதபோதும் சில்லு நிதானமாக நிற்பதற்கு 10 மில்லி அம்பியர் வரை தேவைப்படலாம் என்பதால் நாம் 100ஐ விரும்புகிறோம். கடைத் திருகிகள் எழுதியிருப்பதைவிட 100க்கு 20 பங்கு வரை கூடக் குறைய இருக்கும். ஆகவே உங்கள் பெட்டி 11.5இல் நின்றாலும் 16க்குப் போனாலும் பயப்பட வேண்டாம். எதையும் மீற்றரில் பார்த்தே வைக்கப் போகிறோம்.

பொருத்தும் முறை

முதலில் ஒரு தாளில் படம் கீறிக்கொண்டு, பொருத்தப் பொருத்த ஒவ்வொரு கோட்டையும் சிவப்புப் பேனாவால் அழித்து வாருங்கள். அடப்ரர் வயரை வெட்டினால் பெரும்பாலும் வெளியே பின்னல் கம்பியும் உள்ளே உறை போட்ட கம்பியும் இருக்கும். பின்னல் மறை, உள்ளே இருப்பது நேர். சிலவற்றில் மெல்லிய மூன்றாவது கம்பியும் உண்டு; அது கணினியோடு பேசுவதற்கு, நமக்கு வேண்டாம், நுனியை மூடிவிடுங்கள். எப்படியிருந்தாலும் மீற்றரை 20 வோல்ற் நேரோட்டத்தில் வைத்துப் பார்த்த பிறகே நேர் மறை என்று முடிவு செய்யுங்கள்.

நேர்க் கம்பி பியூசுக்குப் போகிறது. அங்கிருந்து முதலாவது சுவிச், பிறகு லொறி மின்குமிழ், பிறகு சில்லின் வலது கால். மின்குமிழின் இரு முனைகளுக்கும் குறுக்கே இரண்டாவது சுவிச்சைப் போடுங்கள். அதை மூடினால் மின்சாரம் மின்குமிழைச் சுற்றிக்கொண்டு நேரே போகும். வலது காலுக்கும் மறைக்கும் இடையில் 0.1 மைக்குரோபரட்டும் 100 மைக்குரோபரட்டும். நடுக்காலிலிருந்து சிவப்பு முனைக்கு வயர். நடுக்காலுக்கும் மறைக்கும் இடையில் 10 மைக்குரோபரட், அதன் நேர்ப் பக்கம் நடுக்காலில். இருவாயியின் வெள்ளைக் கோடுள்ள பக்கம் வலது காலிலும் மற்றப் பக்கம் நடுக்காலிலும் வர வேண்டும். வெளியே பற்றறி ஒன்று மாட்டியிருக்கும்போது கரண்ட் நின்றுபோனால் பற்றறியிலிருந்து மின்சாரம் பின்வளமாகச் சில்லுக்குள் பாயும். இந்த இருவாயி அதற்கு வேறு பாதை காட்டிச் சில்லைக் காப்பாற்றுகிறது. கரண்ட் அடிக்கடி போகும் இடங்களில் இதை 'பிறகு போடுவோம்' என்று விடக்கூடாது.

100 ஓம் தடையியை நடுக்காலின் அடியிலேயே ஒட்டுங்கள், முன் முனையில் அல்ல. மற்ற நுனி இடது காலுக்கு. இடது காலிலிருந்து திருகியின் ஓரக் கால் ஒன்றுக்கு வயர். திருகியின் நடுக்காலையும் மற்ற ஓரக் காலையும் ஒன்றாகச் சேர்த்து மறைக்குக் கொடுங்கள். இந்தச் சேர்ப்பு முக்கியம். திருகி பழசாகி உள்ளே உள்ள நாக்கு தூக்கிக்கொண்டாலும் 1000 ஓம் மிஞ்சும், வோல்ற் 13.8க்கு மேல் போகாது.

இடது கால் வயரைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். நாம் செய்த முதலாவது பெட்டியில் அந்த ஒரு பற்றாசு மினுக்கம் இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது. பார்த்தோம், ஆனாலும் 'பிடித்துத்தானே இருக்கிறது' என்று விட்டுவிட்டோம். இரண்டு கிழமை ஒழுங்காக வேலை செய்தது. ஒரு நாள் அயல் வீட்டு அம்மா கொண்டுவந்த சிறிய றேடியோவை 3 வோல்ற்றில் பாடவிட்டுப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம். வயர் விட்டது. இடது கால் அந்தரத்தில் நின்றால் சில்லு தன்னால் முடிந்த அளவு முழுவதையும் வெளியே விடும். 3 வோல்ற் றேடியோவுக்கு 17 வோல்ற். புகை வந்த பிறகுதான் சுவிச் ஞாபகம் வந்தது. அவருடைய கணவர் உயிரோடிருந்த காலத்தில் வாங்கிய றேடியோ அது. வேறொன்று வாங்கிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார், ஆனால் அதற்குப் பிறகு வேறொன்றும் திருத்தக் கொண்டுவரவில்லை. ஆகவே அந்த வயரை முதலில் காலில் முறுக்கி, பிறகு பற்றாசு பிடித்து, பிறகு இழுத்துப் பாருங்கள்.

சூட்டை மறக்க வேண்டாம்

இந்தப் பாடத்தில் பலர் பிழை விடும் இடம் இது. வோல்ற்றைக் குறைத்து எடுத்தால் சில்லுக்கு வேலை குறைவு என்று நினைப்பார்கள். உண்மை மறுவளம். உள்ளே வருவது 19, வெளியே போவது 3 என்றால் நடுவிலுள்ள 16 வோல்ற்றும் சூடாகவே கழிய வேண்டும். ஒரு அம்பியர் எடுத்தால் 16 வாற் சூடு; அது ஒரு சிறிய சோல்டறிங் அயனின் சூடு. அதே ஒரு அம்பியரை 12 வோல்ற்றில் எடுத்தால் 7 வாற்றுத்தான். அலுமினியக் கட்டி இல்லாமல் வெறும் சில்லு 2 வாற்றைத் தாங்குவதே கடினம். அலுமினியக் கட்டியோடும் 10 வாற்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3 வோல்ற்றில் அரை அம்பியருக்கு மேல் வேண்டுமானால் அடப்ரரை விட்டு 12 வோல்ற் பற்றறியிலிருந்து எடுங்கள், சூடு பாதியாகும். அளவுக்கு மிஞ்சினால் சில்லு தானாகவே வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும் தன்மையுடையது. அதை நம்பி விளையாட வேண்டாம்.

சில்லின் முதுகுத் தகட்டில் வெளியீட்டு வோல்ற் நிற்கிறது என்று முன்னர் சொன்னோம். ஆகவே அலுமினியக் கட்டிக்கும் சில்லுக்கும் இடையில் மைக்காத் துண்டு, திருகாணிக்குப் பிளாஸ்ரிக் வளையம், இரண்டும் வேண்டும். வெள்ளைப் பசை கொஞ்சம் பூசினால் சூடு நன்றாக இறங்கும். கட்டி பெட்டிக்கு வெளியே, செதிள்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி பூட்டுங்கள். பிஸ்கற் ரின்னும் பெட்டியாகும், பலகைப் பெட்டியும் ஆகும். ரின் என்றால் உள்ளே எந்தக் கம்பியும் தகரத்தில் முட்டாமல் பாருங்கள்.

மின்குமிழின் வேலை

கடையில் விற்கும் விலை கூடிய பெட்டிகளில் 'இவ்வளவு அம்பியருக்கு மேல் விடாதே' என்று வைக்க இன்னொரு திருகி இருக்கும். நமது பெட்டியில் அந்த வேலையை லொறி மின்குமிழ் செய்கிறது. குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு. சிறிய றேடியோ ஒன்றுக்கு வேண்டிய 50 மில்லி அம்பியர் ஓடும்போது மின்குமிழ் இருப்பதே தெரியாது. உள்ளே எங்காவது முட்டியிருந்து ஓட்டம் திடீரென்று கூடினால் இழை சூடாகித் தடையும் கூடும், மின்குமிழ் எரியும், முக்கால் அம்பியருக்கு மேல் போக விடாது. சிவப்பையும் கறுப்பையும் நேரே முட்ட வைத்தாலும் மின்குமிழ் எரியுமே தவிர வேறொன்றும் ஆகாது. கிழமைக்கு ஒரு பியூஸ் வாங்கும் செலவும் மிச்சம். புதிதாக வரும் எந்தச் சாமானையும் முதலில் மின்குமிழோடு மாட்டுங்கள். மின்குமிழ் அமைதியாக இருந்தால், கூடுதல் ஓட்டம் வேண்டிய சாமானுக்கு மட்டும் இரண்டாவது சுவிச்சை மூடுங்கள்.

முதற் சோதனையும் பாவனையும்

ஒன்றும் மாட்டாமல், திருகியை முழுவதும் குறைத்து, மீற்றரை முனைகளில் பிடித்துச் சுவிச்சைப் போடுங்கள். 1.25க்குக் கிட்டக் காட்ட வேண்டும். மெதுவாகத் திருப்ப ஏற வேண்டும். திருகி எங்கே நின்றாலும் 17 காட்டினால் இடது கால் வயர் விட்டிருக்கிறது. திருப்பத் திருப்ப 13.8இலேயே நின்றால் திருகியின் நடுக்காலைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். சரியாக வந்தால் 12இல் வைத்து, 12 வோல்ற் 5 வாற் மின்குமிழ் ஒன்றை, இரண்டாவது சுவிச்சை மூடிக்கொண்டு, கால் மணித்தியாலம் எரிய விடுங்கள். மீற்றர் 12ஐ விட்டு அதிகம் அசையக் கூடாது. பிறகு திருகியைச் சுற்றி ஒரு கடதாசி வட்டம் ஒட்டி 3, 4.5, 6, 9, 12 என்று குறியுங்கள். குறி கைக்கு உதவி, அவ்வளவுதான்; சாமான் மாட்டுமுன் மீற்றரைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர்த் துளையில் விட்டபடியே வோல்ற் பார்க்கப் போனால் அது நேரே முட்டவைத்தது போலாகும், அதையும் கவனியுங்கள்.

றேடியோவின் பின்புறத் துளையில் நேர் மறை எது என்று சிறு படம் போட்டிருக்கும். பழைய றேடியோக்கள் பலவற்றில் நடுவிலே மறை, வெளியே நேர். மாறிக் கொடுத்தால் திருத்த வந்த றேடியோவுக்கு இரண்டாவது வருத்தமும் வரும்.

மருந்து தெளிக்கும் இயந்திரத்தில் 12 வோல்ற் ஈயப் பற்றறி இருந்தால், அடப்ரரிலிருந்து எடுக்கும் பெட்டியை மீற்றர் பார்த்து 13.8இல் வைத்து, லொறி மின்குமிழை விலக்காமல் மாட்டலாம். ஏறத்தாழ மூன்றிலொரு அம்பியர் ஓடும். வெறுமையான 8 அம்பியர் மணித்தியாலப் பற்றறிக்கு ஒரு இரவும் ஒரு பகலும் எடுக்கும். மெதுவானதுதான், பற்றறிக்கு அது நல்லது. முகடு திறந்த காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். ஆனால் புதிய வகை இயந்திரங்களில் லித்தியம் பற்றறி வருகிறது. அதையும் கைத்தொலைபேசிப் பற்றறியையும் இந்தப் பெட்டியில் ஒருபோதும் ஏற்றாதீர்கள், தீப்பிடிக்கும். கைத்தொலைபேசியையும் மாட்ட வேண்டாம். 5இல் வைத்த திருகியில் ஒரு பிள்ளையின் கை பட்டால் போதும்.

யானை வேலிக்குப் பூட்டும் 12 வோல்ற் இயந்திரம் பழுதென்று கொண்டுவருவார்கள். அதன் உள்ளீட்டுப் பக்கத்தை மாத்திரம் இந்தப் பெட்டியால் சோதிக்கலாம். வேலிக்குப் போகும் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ற் துடிப்புத் துடிப்பாக வரும், கை வைக்க வேண்டாம். அந்த இயந்திரம் திருந்தும்வரை வீட்டுக் கரண்டை நேரே வேலிக்குக் கொடுப்போம் என்று யாராவது கேட்டால், அந்த வேலைக்கு வயர்த் துண்டு கூடக் கொடுக்காதீர்கள். அது யானைக்கு முன்னர் மனிதரைக் கொல்லும்.

மாதம் ஒரு தடவை, அடப்ரரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான இடம் என்று எறும்பு முட்டை வைக்கும், மழைக் காலத்தில் திருகியின் கால்களில் பச்சை பிடிக்கும். பழைய பல் துலக்கும் தூரிகையால் தட்டித் துடைத்து, இடது கால் வயரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.